ஃபுமினோவின் மகனுக்கு அப்பன் யார்?

குளிர் அறையில் வரிசையாகத் தொங்கிய முப்பத்தெட்டு உடல்களில் பதினேழாவதன் முன்னால் நின்றதும் ஹிசாயே சொன்ன முதல் வார்த்தை, "இது எங்க பிள்ளை இல்ல."

சத்தமாகவே சொன்னாள். இறைச்சிப் போட்டிக்கு வந்திருந்த அத்தனை பேரும் கையில் டார்ச்சோடு திரும்பிப் பார்த்தார்கள். ஆறாவது விலாவுக்கும் ஏழாவது விலாவுக்கும் நடுவில் கத்தி போட்டுத் திறந்து வைத்திருந்த வெட்டுமுகத்தில் வெள்ளையே இல்லை. இந்தப் பக்கம் தொங்கிய பதினாறாவதிலும் அந்தப் பக்கம் தொங்கிய பதினெட்டாவதிலும் சிவப்புத் தசைக்குள் உறைபனி இறங்கினாற்போல் மெல்லிய கொழுப்பு வரிகள் ஓடின. பதினேழாவதில் மட்டும் குதிரைத் தொடை மாதிரி ஒரே சிவப்பு. கொழுப்பு வரிக்கு மதிப்பீட்டாளர் ஒட்டியிருந்த சீட்டில் மூன்று என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு வரைக்கும் போகிற கணக்கில் மூன்று!

"காது எண்ணைப் பார்த்தாச்சு, கன்பே வீட்டம்மா," என்றார் ஓட்சுபோ. கன்றை ஒன்பது மாதத்தில் ஏலத்தில் எடுத்து, ஏறக்குறைய இரண்டு வருஷம் தீனி போட்டு வளர்த்தவர் அவர்தான். அவர் முகத்திலும் ஈயாடவில்லை. "வெட்டுறதுக்கு முன்னாடியே பதிவுல இருக்கிற மூக்கு ரேகையையும் ஒத்துப் பார்த்துட்டாங்க. உங்க ஃபுமிதெருதான்."

"அப்ப நீங்க என்னத்தப் போட்டு வளர்த்தீங்க? வெறும் வைக்கோலும் தண்ணியுமா?"

"பதினாறும் பதினெட்டும் என் கொட்டில்தான். ஒரே தொட்டி, ஒரே தீனி. அதுல ஒண்ணு பத்து, இன்னொண்ணு பதினொண்ணு வாங்கியிருக்கு."

ஹிசாயே பதினாறாவதையும் பதினெட்டாவதையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி பதினேழாவதுக்கே வந்தாள். அவளுக்குப் பேச்சு வராமல் போவது நம் பள்ளத்தாக்கில் யாரும் பார்த்திராத காட்சி. ஃபுமிதெரு, மினேதெரு என்ற பெயர்பெற்ற பொலிகாளையின் மகன். மினேதெருவின் பிள்ளைகள் எட்டுக்குக் கீழே இறங்கியதாக ஒரு கதைகூடக் கிடையாது. எந்தக் கொட்டிலில் வளர்ந்தாலும், கொஞ்சம் அசட்டையாக வளர்த்தாலும், அந்த வெள்ளை வரி அப்பனிடமிருந்து வந்துவிடும். அதனால்தான் ஏலக்கூடத்து மின்பலகையில் அந்தப் பெயர் எரிந்ததும் வாங்குகிறவர்கள் கன்றைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பலகையைப் பார்ப்பார்கள்.

அவள் இந்த மலையில் பிறந்தவள் இல்லை. கடற்கரையில் கணவாய் மீன் பிடிக்கிற வீட்டுப் பெண். இருபத்து நாலு வயதில் கஜிதானி மிட்சுவோவைக் கட்டிக்கொண்டு, ஊரில் 'கன்பே வீடு' என்று கூப்பிடுகிற அவன் வீட்டுக்கு வந்தபோது மாட்டில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வந்த வாரமே ஒரு விருந்தில் யாரோ ஒரு பசுவைக் காட்டி, "இது என்ன வம்சம், சொல்லு பார்ப்போம்?" என்று கேட்டார்கள். புதுப்பெண் தைரியமாக, "கறுப்பு," என்றாள். இங்கே மாடு என்றால் எல்லாமே கறுப்பு. அந்தப் பதிலுக்கு மூன்று வருஷம் சிரித்தார்கள். கல்யாணத்தில் சிரித்தார்கள், இழவு வீட்டிலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. கன்றுகளின் பதிவுச் சான்றிதழ்களை நகலெடுத்துச் சோற்றுப் பானைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். அரிசி களையும்போது அப்பன் பெயர், மிசோ சூப் கொதிக்கும்போது அம்மாவின் அப்பன் பெயர், பாத்திரம் கழுவும்போது அம்மாவின் அம்மாவின் அப்பன் பெயர் என்று படித்தாள். நாற்பது வயதில் பள்ளத்தாக்கின் எந்தப் பசுவைக் காட்டினாலும் ஐந்து தலைமுறை சொன்னாள். எந்தக் காளை விலாவை ஒட்டிய முதுகுச் சதையைப் பெரிதாக்கும், எது முதுகுக் கொழுப்பைத் தடிப்பாக்கும், எது எலும்பை மட்டும் வளர்த்துவிட்டுச் சதையில் ஏமாற்றும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சிரித்தவர்களே பிறகு தங்கள் தாளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்களை அவளும் சும்மா விடவில்லை. "ஏன், உங்க மாடு கறுப்புன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாளை வாங்குவாள். கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கன்பே வீட்டுத் தாளில் ஒரு பெயர் இருந்தால் அதை இன்னொரு தடவை யாரும் சரிபார்ப்பதில்லை.

அப்படிப்பட்டவளின் கன்று மூன்று வாங்கியிருக்கிறது. தீனியில் குற்றமில்லை என்றால், ரத்தத்தில்தான் குற்றம். தாய்ப்பசு ஃபுமினோவுக்குச் சினை ஊசி போட்டது ஊர் ஊசிக்காரர் வாகுய். அவ்வளவுதான், ஹிசாயேவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கே போட்டி முடிந்து எல்லோரும் பெட்டிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்தில் எழுந்து நின்றாள்.

"வாகுய் சான் விந்துக் குச்சியை மாத்திப் போட்டுட்டார். மினேதெருன்னு சொல்லி வேற எதையோ போட்டிருக்கார். பரிசோதனை பண்ணணும்."

வாகுய்க்கு அறுபத்தாறு வயது. முப்பத்தொரு வருஷமாக வெள்ளை நிறக் குட்டி வேனில் விந்துக் குச்சிகள் உறைந்து கிடக்கிற நைட்ரஜன் குடுவையை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர். ஒரு குச்சி விந்தில் ஒரு வருஷ உழைப்பு இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே குச்சியின் மேல் அச்சடித்த பெயரை இரண்டு தடவை உரக்கப் படித்துவிட்டுத்தான் போடுவார். அவர் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் அவளைப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடினார்.

தொங்கிய உடலிலிருந்து ஒரு துண்டுச் சதை பரிசோதனைக்கூடத்துக்குப் போனது. குற்றம் உறுதியானால் வாகுய்யின் உரிமம் பறிபோகும், அது மட்டுமில்லை, முப்பத்தொரு வருஷம் அவர் கையால் பிறந்த அத்தனை கன்றுகளின் தாளுக்கும் சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். அவர் மனைவி கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மூன்று வீட்டுக்காரர்கள் பக்கத்து ஊர் ஊசிக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இதையெல்லாம் கேட்டபோது ஹிசாயே, "மாட்டு விஷயத்துல முகம் பார்க்க முடியுமா?" என்றாள்.

மூன்றாவது வாரம், மதியம், பரிசோதனைக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. மிட்சுவோ சாலைப்பனி தள்ளும் வண்டிக்கு எண்ணெய் மாற்றிவிட்டு அப்போதுதான் சாப்பிட வந்திருந்தான். ஹிசாயே நின்றுகொண்டே உறையைக் கிழித்தாள்.

"என்ன போட்டிருக்கு?"

"நான் சொன்னேன்ல! மினேதெரு இல்லவே இல்லையாம்."

"அப்ப யாராம்?"

"தோயோதானியாம்!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் காளை செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. யானை மாதிரி உடம்பு, சதை முழுக்கச் சிவப்பு. அதை யாரு இப்ப..."

சிரிப்பு பாதியில் நின்றது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து மிட்சுவோ கையிலிருந்த நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "ஏய், என்ன ஆச்சு?"

அவள் பதில் சொல்லாமல் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினாள். அங்கே ஒரே ஆணியில் வருஷா வருஷம் நாட்காட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். மேலே இருந்தவற்றைத் தூக்கி மூன்று வருஷத்துக்கு முந்தியதைப் பிரித்தாள். ஜூன் மாதம். இருபத்து நாலாம் தேதிக் கட்டத்தில் பெரிதாக, 'ஃபுமினோ, மினேதெரு, வாகுய்'. அதற்கு மூன்று வாரம் முன்னால், மூன்றாம் தேதிக் கட்டத்தின் மூலையில், பென்சிலில், அவள் கையெழுத்தில், 'தோ' என்று ஒரே ஓர் எழுத்து.

அப்படியே தீவனப் பையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வசந்தத்தில்தான் ஐம்பத்து நாலு வயதில் அவள் தன் மாடுகளுக்குத் தானே சினை ஊசி போடும் உரிமம் வாங்கியிருந்தாள். சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். வாகுய் வாழ்த்துச் சொல்ல வந்தபோது தன் குடுவையில் கடைசியாக மிஞ்சியிருந்த தோயோதானிக் குச்சியைக் கொடுத்தார். "கை பழக வச்சுக்கோங்க. பழசு. வீணாப் போனாலும் கவலைப்படாதீங்க." ஜூன் மூன்றாம் தேதி, மிட்சுவோ வேலைக்குப் போன பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில் அதை ஃபுமினோவுக்குப் போட்டாள். குச்சியின் பெயரை வாகுய் மாதிரியே இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் போட்டாள். இருபத்தோராம் நாள் ஃபுமினோ கத்தியது, பக்கத்து மாட்டின் மேல் தாவியது. பருவம் திரும்பிவிட்டது, ஊசி பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது. உடனே வாகுய்யைக் கூப்பிட்டாள்.

ஊசி போடுமுன் அவர் வழக்கம்போல் கேட்டார். "இதுக்கு முன்னாடி ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல," என்றாள் ஹிசாயே.

சினையான பசுகூடச் சில நேரம் இப்படிப் பொய்யாகக் கத்தும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. அதனால்தான் வாகுய் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆனால் உண்மையைச் சொன்னால் உரிமம் வாங்கியவளின் முதல் ஊசியே தோற்றது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இன்னொரு மூன்று வருஷச் சிரிப்புக்கு அவளிடம் தெம்பு இல்லை.

ஏப்ரல் ஐந்தில் பிறக்கவேண்டிய கன்று மார்ச் பதினாலில் பிறந்தது. கூரையில் இன்னும் பனி கிடந்தது. முப்பத்தொரு கிலோ. அரைமணியில் எழுந்து நின்று மடி தேடியது. மிட்சுவோ அதன் வாயைத் திறந்து பார்த்து, "மூணு வாரம் முந்திப் பிறந்ததுக்குப் பல்லெல்லாம் ஒழுங்கா இருக்கே?" என்றான். "மினேதெரு பிள்ளைன்னா சும்மாவா? எல்லாத்துலயும் அவசரம்," என்று அவள்தான் சொன்னாள். பொய் என்று தெரிந்து சொன்னாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஜூன் மூன்றை நினைக்காமல் இருந்து இருந்து, அப்படி ஒரு நாள் நடக்கவே இல்லை என்று அவளே நம்பியிருந்தாள். இருநூற்று எண்பத்தைந்து நாள் சினைக் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவள், தன் கன்றுக்கு மட்டும் விரல் விட்டு எண்ணவில்லை.

இதில் இன்னொரு அதிர்ச்சியும் இருந்தது. அது தீவனப் பையின் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ஊசி தோற்கவில்லை. வருஷக்கணக்காக உறைந்து கிடந்த பழைய குச்சி, பழகாத கை, முதல் முயற்சி, அத்தனையையும் மீறி அது பிடித்திருக்கிறது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சிவப்புப் பயறுச் சோறு போட்டிருப்பாள்.

பின்னாலேயே வந்து நின்ற மிட்சுவோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நாட்காட்டியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"குச்சியைக் கொடுத்தது வாகுய்தானே? அப்ப அவருக்கும் இது புரிஞ்சிருக்கணுமே."

"புரிஞ்சிருந்தா இந்நேரம் வீட்டு வாசல்ல வந்து கத்தியிருக்க மாட்டாரா?"

"வாகுய் எப்ப கத்தியிருக்கார்?"

அவள் அந்த ஜூன் தாளைக் கிழித்து மடித்துக்கொண்டாள். அன்றே போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை செருப்பு மாட்டி, இரண்டு தடவையும் தெருமுனையிலிருந்து திரும்பிவிட்டாள். அந்த நாலு நாள் அவள் பட்ட பாட்டை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. படவேண்டியதுதான்.

விசாரணை கூட்டுறவுச் சங்கத்து மாடியில் நடந்தது. தலைவர் ஹமாசாகி நடுவில் உட்கார்ந்திருந்தார். மாட்டின் சொந்தக்காரர் என்று ஓட்சுபோவை அழைத்திருந்தார்கள். வாகுய் சாவு வீட்டுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மூன்று வாரத்தில் கழுத்து மெலிந்து காலர் தொளதொளத்தது. அதைப் பார்த்ததும் ஹிசாயே மடியிலிருந்த நாட்காட்டித் தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"வாகுய் சான், பதிவுப்படி இந்த வட்டாரத்துல தோயோதானிக் குச்சி வச்சிருந்த கடைசி ஆள் நீங்கதான்," என்றார் ஹமாசாகி. "ஒண்ணு கணக்குல வரல. அது எங்க போச்சு?"

வாகுய் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரியா ஞாபகம் இல்லீங்க."

"கைதவறி ஃபுமினோவுக்குப் போட்டிருக்கலாமா?"

"போட்டிருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன். ஆனா..." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இருக்கலாம். வயசாச்சு. இருக்கலாம்."

ஹிசாயே திகைத்துப்போனாள். மனுஷன் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டுகொண்டிருக்கிறார்! நாற்காலி பின்னால் சாய்ந்து விழுகிற வேகத்தில் எழுந்தாள்.

"இல்ல! அந்தக் குச்சி என்கிட்டதான் இருந்துச்சு. வாகுய் சான் எனக்குக் கொடுத்தார். ஜூன் மூணாம் தேதி ஃபுமினோவுக்கு நான்தான் போட்டேன். என் கையால போட்டேன்."

ஹமாசாகி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அப்ப இருபத்து நாலாம் தேதி, முன்னாடி ஏதாவது போட்டீங்களான்னு இவர் கேட்கலையா?"

"கேட்டார். இல்லன்னு சொன்னேன்."

"ஏன்மா?"

"முதல் ஊசியே பிடிக்கலன்னு நினைச்சேன். வெட்கமா இருந்துச்சு." ஐம்பத்தேழு வயதுப் பெண் அத்தனை ஆண்களுக்கு முன்னால் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு நாட்காட்டித் தாளை மேஜையில் வைத்தாள். பிறகு வாகுய் பக்கம் திரும்பி இடுப்பு மடங்கக் குனிந்தாள். "மன்னிச்சிடுங்க. கூட்டத்துல வச்சு உங்க பேரைக் கெடுத்தேன். ஆனா நீங்க ஏன் சொல்லல? குச்சி கொடுத்தது உங்களுக்குத் தெரியும்ல?"

வாகுய் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்திலும் அதிர்ச்சிதான் இருந்தது, கோபம் இல்லை.

"கொடுத்த மாதிரி ஞாபகம் இருந்துச்சு. ஆனா நீங்க இல்லன்னு சொல்லியிருந்தீங்களே. ரத்த விஷயத்துல கன்பே வீட்டம்மா தப்பாச் சொல்லுவாங்களா? அதனால எனக்குத்தான் மூளை குழம்பிடுச்சுன்னு நினைச்சேன். இந்த மூணு வாரமா குடுவையை எத்தனை தடவை திறந்து தேடியிருப்பேன் தெரியுமா? ஆஸ்பத்திரிக்குப் போய் ஞாபக மறதின்னு சீட்டுகூட வாங்கிட்டு வந்தேன். என் மனைவி அழுதா."

அவர் கோட்டுப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். நாட்காட்டித் தாளுக்குப் பக்கத்தில் அது கிடந்தது. ஹிசாயே குனிந்தவள் நிமிரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள், அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஹமாசாகிதான் பேச்சை மாற்றப் பார்த்தார். "ஓட்சுபோ சான், உங்களுக்குத்தான் பெரிய இழப்பு. நீங்க என்ன சொல்றீங்க?"

ஓட்சுபோ தலையைச் சொறிந்துகொண்டார். பெரிதாகப் பேசத் தெரியாத மனிதர்.

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எது தெரியும்?"

"ஏலப் பலகையில ஊசி போட்ட தேதி, பிறந்த தேதி ரெண்டும் எரியுது இல்லையா. எண்ணிப் பார்த்தேன். இருநூத்து அறுபத்து மூணு நாள். குறைமாசக் கன்னு மாதிரியே தெரியல, நல்லா கொழுகொழுன்னு நடந்து வருது. பக்கத்துல இருந்த நாலு பேரும் எண்ணினாங்க, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். வேற வீட்டுக் கன்னா இருந்தா ஏலம் கேட்கிற பட்டன்லேர்ந்து கையை எடுத்திருப்போம்." அவர் ஹிசாயேவைப் பார்த்து, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். "உங்க தாள், ஹிசாயே சான். நீங்க எண்ணாம எழுதியிருக்க மாட்டீங்கன்னு நினைச்சோம். எங்க கணக்குதான் தப்பா இருக்கும்னு எல்லாரும் பட்டனை அமுக்கினோம்."

ஹிசாயே அப்படியே தரையில் உட்கார்ந்து, கணவாய்க்காரர் வீட்டில் பிறந்த நாளிலிருந்து இத்தனை பேர் நடுவில் ஒரு தடவைகூட அழுதிராதவள், வாய்விட்டு அழுதாள். வாகுய்தான் முதலில் எழுந்து வந்தார். அவள் தோளைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, "எழுந்திருங்க, கன்பே வீட்டம்மா, தரை ஜில்லுனு இருக்கு," என்றார்.